ஏலக்கூடமும் ஆடுகளமும்

கண்டி வாவிக்கு அணித்தாய்ப் போகம்பரைத் திடல் அமைந்திருக்கிறது. 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் நாள் அத்திடலிலே இரண்டு பாடசாலைகளின் மாணவர் றக்பி ஆட இறங்கினர். ஒருபுறம் கிங்ஸ்வூட் கல்லூரி. மறுபுறம் திரித்துவக் கல்லூரி. இலங்கையிலே பாடசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதல் றக்பிப் போட்டி அதுவே. ஆட்டம் முடிந்தபோது இரு திறத்தாரும் ஆறு ஆறு புள்ளிகள் பெற்றிருந்தனர். வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.

அன்று இறங்கிய மாணவருள் எவரையும் எவரும் விலை கொடுத்து வாங்கவில்லை. எந்த அணிக்கும் உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. பின்னர் 1945இல் கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபர் பிராட்பி என்பார் தம் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் ஆடுவதற்கென ஒரு கேடயம் வழங்கினார். அதற்கு வகுத்த விதியும் நேர்மையானது. ஓர் ஆட்டம் கொழும்பில். மற்றோர் ஆட்டம் கண்டியில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே வெற்றி கணிக்கப்படும். தன் மண்ணில் ஆடும் நன்மை இருவர்க்கும் ஒருமுறை வாய்க்கிறது; பிறர் மண்ணில் ஆடும் இடரும் இருவர்க்கும் ஒருமுறை வாய்க்கிறது. போட்டிச் சமநீதி என்பதன் இலக்கணம் இச்சிறு விதியிலே அடங்கியிருக்கிறது.

ஆயினும் பழைய காலத்தைப் பொற்காலம் என்று புகழ்ந்து நின்றுவிடுதல் வரலாற்று நோக்கு ஆகாது. திடலின் உள்ளே சமநிலை நிலவியது மெய்யே. திடலுக்குச் செல்லும் வாயிலோ எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்லூரித் திடல் எட்டாத தொலைவிலேயே கிடந்தது. பணம் ஆட்டக்காரரை வாங்காத காலத்திலும், யார் ஆட்டக்காரர் ஆகலாம் என்பதைப் பணமே பெரிதும் தீர்மானித்தது.

பணத்தின் ஈர்ப்பு வேறொரு வழியிலும் தொழிற்பட்டது. இலங்கையின் பெரிய கிரிக்கெட் கழகங்களுட் பெரும்பாலானவை கொழும்பிலே இருந்தன. உத்தியோகம் அங்கே, தேர்வாளர் கண் அங்கே, வசதியான மைதானங்களும் அங்கே. ஆதலால் கண்டியில் முளைத்த பயிர் கொழும்பிலே விளைந்தது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிலே பந்துவீசப் பயின்ற முத்தையா முரளிதரன் பின்னர் கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடினார். திரித்துவக் கல்லூரியிலே பயின்ற குமார் சங்கக்கார கொழும்பு நொன்டிஸ்கிறிப்ட்ஸ் கழகத்துக்காக ஆடினார். இக்கழகங்கள் எவர்க்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் செல்வம் ஓரிடத்திற் குவிந்தால் திறமையும் அவ்விடத்தையே நாடிச் செல்லும் என்பதற்கு உரிமையாளரோ ஏலமோ வேண்டியதில்லை என்பதை இவ்விருவரின் வரலாறு காட்டுகிறது.

செல்வர் ஒருவர் அணியொன்றைத் தம் உடைமையாகக் கொண்டு, ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுத்து, நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்தும் முறை அமெரிக்காவிலே பேஸ்போல் என்னும் ஆட்டத்தில் மிகப் பழையது. ஆகையால் கண்டியின் அண்மைக்கால அனுபவத்தை நிறுத்துப் பார்க்க அந்நாட்டு வரலாறு நல்லதொரு தராசு.

1919ஆம் ஆண்டின் இறுதியிலே பொஸ்டன் அணியின் உரிமையாளர் தம்மிடமிருந்த பேப் ரூத் என்னும் ஆட்டக்காரரை நியூயோர்க் அணிக்கு ஓர் இலட்சம் டொலருக்கு விற்றார். அதற்கு முன் பொஸ்டன் அணி ஐந்துமுறை உலகத் தொடரை வென்றிருந்தது. நியூயோர்க் அணி ஒருமுறையேனும் வென்றதில்லை. விற்பனைக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. 1921 முதல் 1964 வரையுள்ள காலத்தில் நியூயோர்க் அணி தன் பிரிவிலே 29 முறை முதன்மை பெற்றது. உலகத் தொடரை 20 முறை வென்றது. பொஸ்டன் அணியோ 1918க்குப் பின் மறுபடியும் வெல்ல 2004 வரை காத்திருந்தது. ஒரு விற்பனையே இவ்வளவுக்கும் காரணம் என்று சொல்லுதல் மிகை. ஆனால் வாங்கும் ஆற்றல் உடைய உரிமையாளரும் விற்க விரும்பும் உரிமையாளரும் எதிரெதிர் நின்றால் போட்டி எப்படிச் சாயும் என்பதற்கு இது தக்க சான்று.

இச்சாய்வைத் தடுப்பதற்கென்றே ஒரு விதி இருப்பதாக உரிமையாளர்கள் நெடுங்காலம் கூறிவந்தனர். ஓர் அணியில் ஒப்பந்தம் செய்த ஆட்டக்காரர், அவ்வணி விடுவித்தாலன்றி வேறோர் அணிக்குச் செல்ல இயலாது என்பதே அவ்விதி. 1879இல் முளைத்த இவ்வழக்கம் ஏறத்தாழ நூறாண்டு நிலைத்தது. செல்வமிக்க அணி எல்லோரையும் கவர்ந்துகொள்ளாதிருக்க இது காப்பு என்றனர். ஆனால் இவ்விதி நிலவிய காலத்திலேதான் நியூயோர்க் அணி 20 முறை வாகை சூடியது! காப்பாற்றப்பட்டது சமநீதியன்று; உரிமையாளரின் பணப்பெட்டியே. ஆட்டக்காரர் தம் உழைப்பின் விலையைக் கேட்க வழியின்றி நின்றனர். கேட் ஃபிளட் என்னும் ஆட்டக்காரர் இதனை எதிர்த்து வழக்காடி 1972இல் உச்ச நீதிமன்றத்திலே தோற்றார். 1975ஆம் ஆண்டு டிசம்பரில் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பினாலேயே அத்தளை அறுந்தது.

தளை அறுந்தபின் சம்பளம் உயர்ந்தது. அப்பொழுது செலவுக்கு வரம்பு வேண்டும் என்ற குரலும் எழுந்தது. ஆயினும் அந்நாட்டுப் பேஸ்போல் முழுத்தடை விதிக்கவில்லை. குறித்த அளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் அணி தண்டவரி செலுத்த வேண்டும் என்பதே 2003 முதல் வழங்கும் முறை. வரி செலுத்த அஞ்சாத உரிமையாளரை அது தடுப்பதில்லை. 2002ஆம் ஆண்டிலே சுமார் 4 கோடி டொலர் சம்பளம் கொடுத்த ஓக்லண்ட் அணியும், சுமார் 12½ கோடி டொலர் கொடுத்த நியூயோர்க் அணியும் தொடரில் சரியாக 103 ஆட்டங்களையே வென்றன. அறிவு பணத்தை எதிர்த்து நிற்கும் என்பதற்கு அதனை எடுத்துக்காட்டுவர். மறுபுறம், 2023 டிசம்பரில் ஓர் ஆட்டக்காரருடன் பத்தாண்டுக்கு 70 கோடி டொலர் ஒப்பந்தம் செய்த லொஸ் ஏஞ்சலிஸ் அணி 2024இலும் 2025இலும் அடுத்தடுத்து உலகத் தொடரை வென்றது. அறிவு ஏழைக்கு மட்டும் உரிய பொருளன்று. செல்வரும் அதனை விலைக்கு வாங்குவர்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு ஆசியக் கிரிக்கெட்டை நோக்குவோம். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் மும்பையிலே ஏலக்கூடம் ஒன்று கூடியது. இந்தியப் பிரீமியர் லீக் என்னும் புதிய போட்டிக்காக எட்டு அணிகளின் உரிமையாளர் ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்தனர். கண்டியிலே வளர்ந்த இருவர் பெயரும் அங்கே கூறப்பட்டன. சங்கக்காரவைப் பஞ்சாப் அணி 7 இலட்சம் டொலருக்கு எடுத்தது. முரளிதரனைச் சென்னை அணி 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழில் தேடி வந்தவர். தந்தையார் கண்டியிலே பிஸ்கற் தொழில் நடத்தியவர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த காலத்திலே உழைப்பவன் விலையை உழைப்பவன் சொன்னதில்லை. அவன் பேரனின் விலையை நாலுபேர் முன்னிலையிற் போட்டியிட்டு உயர்த்தினர் என்பது வரலாற்றின் ஒரு திருப்பமே.

அவ்வேலத்திலே ஒரு விதி இருந்தது. எந்த அணியும் 50 இலட்சம் டொலருக்கு மேல் செலவிடலாகாது. 33 இலட்சம் டொலருக்குக் குறைவாகவும் செலவிடலாகாது. மேல்வரம்பு செல்வரைக் கட்டியது. கீழ்வரம்பு கஞ்சரைக் கட்டியது. அணியுரிமையின் விலையிலோ பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. மும்பை அணியின் உரிமை 11 கோடியே 19 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. சென்னை அணியின் உரிமை 9 கோடியே 10 இலட்சத்துக்கு விலைபோயிற்று. எல்லாவற்றிலும் மலிவாய் இராஜஸ்தான் அணியின் உரிமை 6 கோடியே 70 இலட்சத்துக்கு விலைபோயிற்று. ஆனால் உரிமைக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஆட்டக்காரருக்குச் செலவிடும் வரம்பு எல்லோர்க்கும் ஒன்றே.

பயன் அவ்வாண்டே வெளிப்பட்டது. 2008 ஜூன் முதலாம் நாள் நடைபெற்ற இறுதிப் போட்டியிலே, முரளிதரன் ஆடிய சென்னை அணியை, எல்லோரிலும் மலிவான இராஜஸ்தான் அணி மூன்று விக்கெட்டுகளால் வென்றது. எல்லோரிலும் விலையுயர்ந்த மும்பை அணி அரையிறுதிக்கும் வரவில்லை. பணம் பத்தும் செய்யும் என்பர். பொதுவரம்பு ஒன்று இருந்தால் அப்பத்தில் ஒன்று குறையும்.

இம்முறை இலங்கைக்கும் வந்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏழு மாகாண அணிகள் ஆடிய இலங்கைப் பிரீமியர் லீக் நடைபெற்றது. மலைநாட்டின் பெயர் தாங்கிக் கந்துரட்ட வாரியர்ஸ் என்னும் அணி களமிறங்கியது. பல்லேகலை மைதானத்திலும் ஆட்டங்கள் நிகழ்ந்தன. கிண்ணத்தை ஊவா அணி வென்றது. ஆனால் அடுத்த ஆண்டு போட்டி நடைபெறவில்லை. அணி உரிமையாளர்கள் தாம் உடன்பட்ட நிதி நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்பதே அறிவிக்கப்பட்ட காரணம். அணிகள் ஏழும் மறைந்தன. மிகையாகச் செலவிடும் உரிமையாளரை எண்ணியே அமெரிக்கர் விதி செய்தனர். இலங்கையிலோ இடர் மறுதிசையிலிருந்து வந்தது. செலவிடுவதாகச் சொல்லிச் செலவிடாத உரிமையாளருக்கு எதிராகவும் விதி வேண்டும் என்ற பாடத்தை 2013ஆம் ஆண்டு கற்பித்தது.

ஏழாண்டு கழித்து, 2020 நவம்பரிலே, லங்கா பிரீமியர் லீக் என்னும் புதிய போட்டி தொடங்கியது. அணிகள் ஐந்து. கண்டி அணிக்கு டஸ்கர்ஸ் என்று பெயர். கொம்பன் யானைகள் என்பது பொருள். பெரஹராவிலே புனிதப் பேழையைச் சுமந்து செல்லும் யானையைப் போற்றும் நகருக்கு அப்பெயர் பொருத்தமானதே. முதல் மூன்று ஆண்டுகளும் ஏலம் இல்லை. ஆட்டக்காரர் தரந்தரமாகப் பிரிக்கப்பட்டனர். தரத்துக்கு இவ்வளவு எனச் சம்பளம் குறிக்கப்பட்டது. அணிகள் முறைவைத்து ஒருவரையொருவர் அடுத்துத் தெரிவு செய்தன. பந்தியிலே வரிசைப்படி பரிமாறுவது போன்ற முறை இது. பணம் மிகுந்தவன் இருவர் இலையைத் தன்முன் இழுத்துக்கொள்ள இயலாது.

ஆயினும் டஸ்கர்ஸ் அணி முதலாண்டு ஐந்தாம் இடத்திலே, அதாவது கடைசி இடத்திலே, நின்றது. பெருந்தொற்றுக் காலமாதலால் போட்டிகள் யாவும் அம்பாந்தோட்டையிலேயே நிகழ்ந்தன. அடுத்த ஆண்டு பெயர் மாறிக் கண்டி வாரியர்ஸ் ஆயிற்று. அவ்வாண்டும் கடைசி இடமே. ஆட்டங்கள் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் நடைபெற்றன. ஆகக் கண்டியின் பெயரால் ஆடிய அணி முதலிரண்டு ஆண்டுகளில் கண்டி மண்ணை மிதிக்கவேயில்லை. 2022இல் பெயர் மறுபடி மாறிற்று. இம்முறை ஃபால்கன்ஸ், அதாவது வல்லூறுகள். அவ்வாண்டிலே பல்லேகலைக்கும் ஆட்டங்கள் வந்தன. வனிந்து ஹசரங்கவின் தலைமையில் அணி எட்டு ஆட்டங்களுள் ஏழை வென்று பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் இறுதிப் போட்டியை எட்டவில்லை.

2023 ஜூனில் கொழும்பிலே முதன்முறையாக ஏலம் நடைபெற்றது. முன்னரே ஒப்பந்தம் செய்த சிலர் போக எஞ்சியோரை அணிகள் ஏலத்தில் எடுத்தன. ஓர் அணியின் வரம்பு 5 இலட்சம் டொலர். இந்திய ஏலத்தின் முதலாண்டு வரம்பிலே இது பத்தில் ஒரு பங்கு. யாழ்ப்பாண அணி 92 ஆயிரம் டொலருக்கு எடுத்த வேகப்பந்து வீச்சாளர் டில்ஷான் மதுஷங்கவே அவ்வேலத்தில் அதிக விலை பெற்றவர். கண்டி அணியின் பெயர் அவ்வாண்டு மூன்றாம் முறையாக மாறி, நிறுவனம் ஒன்றின் பெயர் முன்னே வர, பி-லவ் கண்டி என்றாயிற்று. அவ்வணியே கிண்ணத்தை வென்றது. ஆகஸ்ட் 20ஆம் நாள் இறுதிப் போட்டியிலே தம்புள்ளை அணியை ஐந்து விக்கெட்டுகளால் தோற்கடித்தது. தொடரிலே மிகுதியான ஓட்டங்களையும் மிகுதியான விக்கெட்டுகளையும் பெற்றவர் ஹசரங்க. ஆனால் காயத்தினால் அவர் இறுதிப் போட்டியில் ஆடவில்லை. அஞ்சலோ மத்தியூஸ் தலைமையேற்று அணியைக் கரைசேர்த்தார். ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்குதல் வேறு, ஓர் அணியை அமைத்தல் வேறு என்பதை அவ்வொரு நாள் விளக்கிற்று.

2020இலும் 2021இலும் கடைசி, 2022இல் பட்டியலில் முதலிடம், 2023இல் வாகை. எவ்வணியும் என்றென்றும் தாழ்ந்து கிடக்க வேண்டியதில்லை என்பதே செலவு வரம்பின் நோக்கமாயின், கண்டியின் இவ்வேற்றம் அந்நோக்கம் வீண்போகவில்லை என்பதற்குச் சான்றாகும். பொஸ்டன் நகரத்தார் 86 ஆண்டு காத்திருந்தனர். கண்டி நகரத்தார் மூன்றாண்டே காத்திருந்தனர்.

ஆனால் இத்துடன் கணக்கு முடியவில்லை. முதல் ஐந்து தொடர்களிலே 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கையும் வென்றது யாழ்ப்பாண அணி. வரம்பு எல்லோர்க்கும் பொதுவாயிருக்க ஒருவர் மட்டும் நான்கு முறை வெல்வது எவ்வாறு? காரணங்கள் பல இருத்தல் கூடும். கண்ணுக்குத் தெரியும் ஒன்றை மட்டும் சொல்லலாம். யாழ்ப்பாண அணி 2021இல் கிங்ஸ் என்ற பெயரையும் ஓர் உரிமையாளரையும் ஏற்றபின், 2024 வரை அப்பெயரும் அவ்வுரிமையும் மாறவில்லை. மற்ற நகரங்களின் அணிகளோ பெயர் மாறியும் கைமாறியும் உழன்றன. 2021இலே கொழும்பு, தம்புள்ளை அணிகளின் உரிமையாளர் ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. 2024 மே மாதத்திலே தம்புள்ளை அணியின் அப்போதைய உரிமையாளர் ஆட்ட முடிவை விலைபேச முயன்றார் என்ற குற்றச்சாட்டின்பேரில் கைதுசெய்யப்பட்டார். போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்த வேளையில் அவ்வணிக்குப் புதிய உரிமையாளரைத் தேட வேண்டியதாயிற்று. கண்டி அணியும் அவ்வாண்டு மீண்டும் ஃபால்கன்ஸ் ஆயிற்று. கிண்ணம் வென்ற பெயர் ஓராண்டே வாழ்ந்தது.

இங்கேதான் செலவு வரம்பின் எல்லை புலப்படுகிறது. ஓர் உரிமையாளர் எவ்வளவு செலவிடலாம் என்பதை அது கூறும். அவர் நாளை இருப்பாரா, ஆட்டக்காரரின் சம்பளத்தை உரிய நாளிற் கொடுப்பாரா, ஆட்டத்தை நேர்மையாய் நடத்துவாரா என்பவற்றை அது கூறாது. ஏலக்கூடத்திலே எல்லோர்க்கும் ஒரே அளவுகோல் கொடுத்துவிட்டால் சமநீதி நிறைந்துவிட்டது என்று எண்ணுதல் பிழை. ஐந்து இலட்சம் டொலரை ஐந்தாண்டுத் திட்டத்தோடு செலவிடுபவனும், ஒரு பருவத்தோடு விலகப்போகிறவனும் ஏட்டில் மட்டுமே சமம்.

மற்றொரு சமநீதியும் உண்டு. அது அணிகளுக்கிடையே உள்ளதன்று. அணிக்கும் ஊருக்கும் இடையே உள்ளது. ஓர் ஊரின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையாளர் அவ்வூருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறார். கண்டியின் பெயரைச் சட்டையிற் பொறித்துக்கொள்வது எளிது. கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் பந்து வீசும் சிறுவன், தோட்டப் பாடசாலையொன்றின் மேடுபள்ளமான நிலத்திலே மட்டையேந்தும் சிறுவன், இவர்களை அவ்வணி கண்டுபிடித்து வளர்க்கிறதா என்பதே கேள்வி. இரண்டு மூன்று வாரம் ஆடிக் கலையும் அணியால் அது இயலாது. ஆண்டுதோறும் பெயர் மாறும் அணியை அச்சிறுவன் தன் அணி என்று எவ்வாறு அழைப்பான்? 1906இலே திடலின் வாயில் சிலர்க்கே திறந்திருந்தது. கோடிக்கணக்கிற் பணம் புரளும் காலத்திலும் அவ்வாயில் அகலவில்லையானால், பணம் வந்ததனால் ஆட்டம் அடைந்த நன்மைதான் யாது?

உரிமையாளரின் செலவு பகையன்று. ஆட்டக்காரரின் உழைப்புக்கு விலை கிடைத்தது அதனாலேயே. பேஸ்போல் ஆட்டக்காரர் நூறாண்டு போராடிப் பெற்ற நன்மையை ஒருவரும் இழிவாகக் கருதலாகாது. ஆனால் அச்செலவைத் தாங்கும் கரைகள் மூன்று வேண்டும். எல்லோர்க்கும் பொதுவான வரம்பு ஒன்று. கொடுத்த வாக்கு நிறைவேறும் என்பதற்குப் பிணை ஒன்று. ஊரிலே வேரூன்றி நிற்கும் காலம் ஒன்று. முதற்கரையை 2008இன் மும்பை ஏலம் காட்டியது. இரண்டாம் கரை இல்லாமையால் 2012இன் மாகாண அணிகள் அடித்துச் செல்லப்பட்டன. மூன்றாம் கரையைக் கண்டி அணி 2024 வரையில் காணவில்லை.

மழைக்காலத்து மகாவலி கண்டியைச் சுற்றிப் பெருக்கெடுத்து ஓடுவதை அவ்வூரார் நன்கறிவர். நீர் மிகுதியாய் வருவதைக் கண்டு எந்த உழவனும் வருந்துவதில்லை. கரை உடைவதைக் கண்டே வருந்துகிறான். போகம்பரையிலே ஆறுக்கு ஆறு என்று முடிந்த ஆட்டத்தின் சிறப்பு, அங்கே பணம் இல்லாதிருந்தமை அன்று. யார் வெல்வார் என்பது கடைசிக் கணம் வரை எவர்க்கும் தெரியாதிருந்தமையே அதன் சிறப்பு. அவ்வறியாமையைக் காப்பதே போட்டிச் சமநீதி. காண வருவோர் நுழைவுச் சீட்டு வாங்குவதும் அதற்காகவே.